நாற்பதிலிருந்து இருநூறு வரை

திருப்பூர்ப் பனியன் பட்டறைகளில் இரவெல்லாம் வானொலி ஒலிக்கக் கேட்டவன் யான். அவ்வொலிக்குத் தமிழகத்தில் வழிவகுத்தோர் சில ஆர்வலர்களே.

1924 மே 16இல் சென்னை மாகாண வானொலிச் சங்கம் தோன்றிற்று. சி. வி. கிருஷ்ணசாமிச் செட்டியார் இங்கிலாந்திலிருந்து கொணர்ந்த உறுப்புகளைப் பொருத்தி, 40 வாட் கருவி அமைத்தார். ஜூலை 31இல் ஒலிபரப்புத் தொடங்கிற்று. பின்னர் ஆற்றலை 200 வாட்டாகப் பெருக்கினர்.

ஆற்றல் ஐந்து மடங்கானால், தொலைவிலுள்ள ஓரிடத்தில் அலையின் புலச்செறிவு இருமடங்கைச் சற்றே தாண்டும். அது ஆற்றலின் வர்க்கமூலத்தையே பின்பற்றும். செலவோ அவ்வாறு அடங்குவதன்று!

பொருள் முட்டுப்பாட்டால் 1927இல் சங்கம் ஓய்ந்தது. எனினும் கருவியை மாநகராட்சியிடம் ஒப்படைத்தது. 1930 ஏப்ரல் 1இல் மாநகராட்சி ஒலிபரப்பைத் தொடங்கிற்று. கற்றவர் ஓயலாம், கற்றது ஊர்ப்பொதுவானால் ஓய்வதில்லை.