குழாய்க்கு ஒரு கவசம்

பருத்திப்பட்டில் கரண்ட் போனதும் மின்வாரியத்தைத் திட்டுகிறோம். அந்தக் கரண்ட்டுக்குப் பின்னால் நிலக்கரிச் சாம்பலோடு நடக்கும் ஒரு நீண்ட சண்டை இருக்கிறது. அதைப் படிக்கத் தொடங்கியபின் எனக்கு எண்ணூர் வேறு மாதிரித் தெரிகிறது.

1965இல் செக்கோஸ்லோவாக்கியாவின் உதவியோடு திருச்சியில் பெல் கொதிகலன் ஆலை வந்தது. தொழில்நுட்பம் வெளியிலிருந்து வரலாம், நிலக்கரி நம்மூர்தானே. இந்திய நிலக்கரியில் பெரும்பாலும் 30 முதல் 45 சதவீதம் சாம்பல். அதில் கணிசமாகக் குவார்ட்ஸ், அதாவது மணலிலிருக்கும் அதே பொருள். கொதிகலனுக்குள் அது உப்புத்தாள் மாதிரி எஃகுக் குழாய்களைத் தேய்க்கும். புகையின் வேகம் இரட்டித்தால் தேய்மானம் இரண்டு மடங்கல்ல, ஏறக்குறைய எட்டு மடங்கு. போதாததற்கு நீராவியே சுமார் 540 டிகிரி. அந்தச் சூட்டில் கந்தகமும் கார உப்புகளும் உலோகத்தை அரிக்கும்.

முதல் வைத்தியம் எளிமையானது: குழாய்களுக்கு இடையே இடம் விட்டு, புகையின் வேகத்தைக் குறைப்பது. அடுத்தது பூச்சு. 1906இல் அமெரிக்காவின் ஆல்பர்ட் மார்ஷ் நிக்கல்-குரோமியம் கலவைக்குக் காப்புரிமை வாங்கினார். டோஸ்டரில் சிவக்கும் கம்பி அந்த இனம்தான். 1910 வாக்கில் சுவிட்சர்லாந்தின் மாக்ஸ் ஷூப், உருக்கிய உலோகத்தைக் காற்றழுத்தத்தால் தெளிக்க வழி கண்டார். இந்த இரண்டு யோசனைகளின் வாரிசுதான் கொதிகலன் பூச்சு. சூட்டில் குரோமியம் தன்மேல் மெல்லிய ஆக்சைடு தோல் ஒன்றை வளர்த்துக்கொள்ளும். உரிந்தால் மறுபடி வளரும். தேய்மானம் அதிகமான இடத்தில் குரோமியம் கார்பைடு சேர்ப்பார்கள். பூச்சின் தடிமன் பெரும்பாலும் அரை மில்லிமீட்டரைத் தாண்டாது.

இவ்வளவு மெனக்கெடுவது ஏன்? ஒரு குழாய் ஓட்டையானால் முழு யூனிட்டையும் நிறுத்தியாக வேண்டும். நஷ்டம் உடனே கணக்கில் ஏறும்.

ஆனால் அதே சாம்பலுக்கு இன்னொரு குழாயும் உண்டு. கொதிகலனிலிருந்து வெளியே வந்ததும் தண்ணீரில் கலந்து சாம்பல் குளத்துக்குப் போகும் குழாய். 450 மெகாவாட் எண்ணூர் நிலையம் 2017இல் மூடப்பட்டது; பக்கத்தில் வடசென்னை நிலையம் ஓடுகிறது. அதன் சாம்பல் குழாய்கள் கசிந்து கொசஸ்தலையாற்றில் சேறாகப் படிந்த விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது.

நான் சாப்ட்வேர் ஆள். எந்தப் பழுதுக்கு அலாரம் அடிக்கிறது, எதற்கு அடிப்பதில்லை என்று பார்த்தாலே ஒரு அமைப்பு யாருக்காகக் கட்டப்பட்டது என்பது தெரிந்துவிடும். உள்ளே கசிந்தால் யூனிட் நிற்கிறது. வெளியே கசிந்தபோது நின்றது, கழிமுகத்தில் இறால் பிடித்தவர்களின் பிழைப்பு.