நிப்லிங், எட்வர்ட் ஃபிரெட் (1909–2000)

அமெரிக்கப் பூச்சியியலாளர். ஓர் ஈயினத்தை அதே இனத்தின் மலட்டு ஆண்களை ஏவி ஒழிக்கலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டியவர். டெக்சாஸ் மாநிலம் போர்ட் லவாக்காவில் பிறந்த பண்ணை வீட்டுப் பிள்ளை. டெக்சாஸ் ஏ அண்டு எம், அயோவா ஸ்டேட் பல்கலைக்கழகங்களில் படித்து, 1931இல் அமெரிக்க வேளாண்மைத் துறையில் சேர்ந்தார்.

அவர் குறிவைத்தது திருகுப்புழு ஈயை. புண்ணில் புழு வைப்பது நம் மாடு வளர்ப்போரும் அறிந்ததுதான்; ஆனால் சாதாரண ஈயின் புழு அழுகிய சதையைத் தின்னும், இதுவோ உயிர்ச்சதையைத் தின்னும். முள்கம்பிக் கீறலோ, கன்றின் ஈரம் காயாத தொப்புளோ போதும். அதன் விளிம்பில் பெண் ஈ 200க்கு மேல் முட்டையிடும். ஒரே நாளில் பொரித்து, புழுக்கள் தலைகீழாகச் சதைக்குள் துளைத்து இறங்கும். ஒரு வாரத்தில் மண்ணில் விழுந்து கூட்டுப்புழுவாகும். கவனிக்காமல் விட்டால் மாடு செத்துப்போகும்.

இந்த ஈயில் ஆண் பல முறை சேரும். பெண் பெரும்பாலும் வாழ்நாளில் ஒரே முறைதான் சேரும். 1930களின் இறுதியில் நிப்லிங்கின் யோசனை இதிலிருந்தே பிறந்தது. பத்து லட்சம் பெண் ஈக்கள் உள்ள இடத்தில் தலைமுறைக்கு இருபது லட்சம் மலட்டு ஆண்களை விட்டால், வளமான சேர்க்கை 3,33,333 ஆகக் குறையும். அடுத்த தலைமுறையில் 47,619, அதற்கடுத்து 1,107, நான்காவதில் ஒன்றுகூட மிஞ்சாது. பூச்சி குறையக் குறைய மருந்தடிப்பதன் பலன் சுருங்கும். இந்த முறையோ அப்போதுதான் வலுக்கும். அவர் வாழ்நாள் பணியின் சாரம் இந்த எளிய கணக்கே.

மலடாக்கும் வழிதான் அப்போது தெரியவில்லை. இடையில் இரண்டாம் உலகப் போர் வந்தது. வேளாண்மைத் துறையின் ஆர்லாண்டோ ஆய்வகத்தின் தலைவராக, படைவீரர்களின் பேனை ஒழிக்க டிடிடி பூச்சிமருந்தைச் சோதித்தவர்களில் அவரும் ஒருவர். பின்னாளில் மருந்தில்லாத பூச்சி ஒழிப்புக்கு வாதாடியவரும் இவரே. 1950களின் தொடக்கத்தில் சக ஆய்வாளர் ரேமண்ட் புஷ்லாண்ட், கூட்டுப்புழுக்கள்மீது எக்ஸ் கதிர் செலுத்தி மலட்டு ஈக்களைப் பெற்றார். ஃபுளோரிடாவின் சானிபெல் தீவில் முதல் சோதனை முழுதாகப் பலிக்கவில்லை. அருகிலிருந்த நிலப்பரப்பிலிருந்து ஈக்கள் பறந்து வந்துகொண்டே இருந்தன. கரீபியக் கடலில் கரையிலிருந்து தள்ளியிருந்த குராசோ தீவில் 1954இல் சில மாதங்களிலேயே ஈ ஒழிந்தது. 1959இல் ஃபுளோரிடாவும் 1982இல் அமெரிக்கா முழுவதும் 1991இல் மெக்சிகோவும் விடுபட்டன. லிபியாவில் 1988இல் நுழைந்த இந்த ஈயை, மெக்சிகோவில் வளர்த்த மலட்டு ஈக்களை விமானத்தில் கொண்டுபோய் ஒழித்தார்கள்.

1953 முதல் 1971 வரை வேளாண்மைத் துறையின் பூச்சியியல் ஆய்வுப் பிரிவுக்குத் தலைமை வகித்தார். 1992இல் புஷ்லாண்டுடன் உலக உணவுப் பரிசும், 1995இல் ஜப்பான் பரிசும் பெற்றார்.

பனாமாவின் கிழக்குக் கோடியில் மலட்டு ஈக்களைத் தொடர்ந்து தூவி ஒரு தடுப்புவேலி வைத்திருந்தார்கள். 2023இல் அதைக் கடந்து பரவிய திருகுப்புழு ஈ, 2024 நவம்பரில் மீண்டும் மெக்சிகோவை எட்டியது.