ஆற்றில் போன ஓலையும் தீயில் எரிந்த சுருளும்

திருமலையில் மார்கழித் திங்கள் முழுவதும் சுப்ரபாதம் ஓதப்படுவதில்லை. அதனிடத்தில் ஆண்டாள் அருளிய திருப்பாவையே ஒலிக்கின்றது. தெலுங்கு வழங்கும் இவ்வேங்கட நாட்டில் தமிழ்மறை பெற்றுள்ள இடத்தை இவ்வொன்றே காட்டும். ஆயின், அத்தமிழ்மறைகளுள் தலைசிறந்த திருவாய்மொழிக்கு முதன்முதல் எழுந்த உரையும் இம்மலையைச் சார்ந்த ஒரு குடும்பத்தின் கொடையே என்பதைத் திருப்பதி, சித்தூர்ப் பகுதித் தமிழர்களுள்ளும் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

இராமாநுசர் கீழ்த்திருப்பதியில் ஓராண்டு தங்கித் தம் அம்மானாகிய திருமலை நம்பியிடம் இராமாயணப் பொருள் கேட்டார் என்பது குருபரம்பரை வழிவந்த செய்தி. அந்நம்பியின் திருமகனார் எனப் போற்றப்படும் திருக்குருகைப்பிரான் பிள்ளான், இராமாநுசரின் ஆணை பெற்று எழுதியதே ஆறாயிரப்படி. அதுகாறும் ஆசிரியர் வாயிலிருந்து மாணாக்கர் செவிக்கு மட்டுமே சென்ற பொருள் அன்றுதான் ஓலை ஏறியது.

படி என்பது முப்பத்திரண்டு எழுத்துக் கொண்ட ஓர் அளவு. ஆறாயிரத்தைத் தொடர்ந்து நஞ்சீயரின் ஒன்பதினாயிரம், பெரியவாச்சான் பிள்ளையின் இருபத்துநாலாயிரம், ஈடு எனப்படும் முப்பத்தாறாயிரம் என உரைகள் வளர்ந்தன. ஆறாயிரம் விஷ்ணு புராணத்தின் அளவு, ஒன்பதினாயிரம் ஸ்ரீபாஷ்யத்தின் அளவு, இருபத்துநாலாயிரம் இராமாயணத்தின் அளவு என்று பெரியோர் கணக்குரைப்பர். தமிழுரையை வடமொழிப் பெருநூல்களுக்கு நிகராக நிறுத்தும் துணிவு இவ்வெண்களிலேயே பொதிந்துள்ளது!

இவற்றுள் ஒன்பதினாயிரத்தின் வரலாறு வியப்பிற்குரியது. தாம் வகுத்த உரையை நன்றாகப் படியெடுத்துத் தருவார் ஒருவரை நஞ்சீயர் தேட, நம்பூர் வரதராசர் என்னும் இளைஞர் அப்பணியை ஏற்றார். சுவடியுடன் தம் ஊர் நோக்கிக் காவிரியைக் கடக்கையில் வெள்ளம் பெருகிச் சுவடியை வாரிச் சென்றது. ஆசிரியரிடம் இருந்தது அந்த ஒரு படியே. வரதராசர் தாம் கேட்டவற்றை நினைவிலிருந்தே எழுதி முடித்தார். தமிழ்ப் புலமை மிக்கவராதலின், பல இடங்களில் நுண்பொருள்களும் சேர்ந்தன. படித்துப் பார்த்த நஞ்சீயர், தாம் எழுதாதவையும் அதில் இருக்கக் கண்டு வினவினார். நடந்ததை அறிந்ததும் சினவாது, “நம் பிள்ளை” என்று அணைத்துக்கொண்டார். நம்பிள்ளை என்னும் பெயர் அவ்வாறு வந்தது என்பர்.

இதனை ஒத்த நிகழ்ச்சியொன்று யூதர்களின் மறைநூலில் உள்ளது. கி.மு. 605ஆம் ஆண்டளவில் எரேமியா என்னும் தீர்க்கதரிசி சொல்லச் சொல்லப் பாரூக்கு என்னும் எழுத்தர் ஒரு சுருளில் எழுதினார். அது யூதா நாட்டு மன்னன் யோயாக்கீமின் முன் படிக்கப்பட்டது. அவனோ, மூன்று நான்கு பத்தி படித்தவுடன் எழுத்தரின் கத்தியாலேயே அறுத்தறுத்து, குளிர்காய மூட்டியிருந்த தீயில் இட்டான். பின்னர் எரேமியா மீண்டும் சொல்ல, பாரூக்கு மீண்டும் எழுதினார். முன்னில்லாத சொற்கள் பலவும் இம்முறை சேர்ந்தன என்று அந்நூலே ஒளிக்காமல் கூறுகிறது.

சேர்ப்பு அத்துடன் நிற்கவில்லை. எரேமியா நூலின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு, இன்று வழங்கும் எபிரேய மூலத்தினும் ஏழில் அல்லது எட்டில் ஒரு பங்கு குறைவானது. மொழிபெயர்த்தவர் சுருக்கினார் என்று நெடுங்காலம் பலர் கருதினர். 1947 முதல் சாக்கடல் அருகே கும்ரான் குகைகளில் கிடைத்த ஏடுகளில் எபிரேயத்திலேயே குறுகிய வடிவமும் நெடிய வடிவமும் காணப்பட்டன. இரு வடிவங்களையும் ஒரு காலத்தில் எழுத்தர்கள் ஒருங்கே போற்றியிருக்கின்றனர்!

அவர்கள் சொல் சேர்த்ததோடு அமையாமல், பொருளையும் திருத்தினர். தாவீது மன்னனைக் குடிக்கணக்கு எடுக்கத் தூண்டியது இறைவனின் சினம் என்று சாமுவேல் நூல் கூற, பின்னெழுந்த நாளாகம நூல் தூண்டியவன் சாத்தான் என மாற்றிவிட்டது. தீமையை இறைவன்மேல் ஏற்ற மனம் ஒவ்வாத ஒருவரின் கை அங்கே தெரிகிறது. இது மூலத்தையே உரையாக்குதல்.

காலம் செல்லச் செல்ல அக்கை கட்டுண்டது. கும்ரானில் கிடைத்த ஆபகூக்கு உரையில் மூல வரி தனியே நிற்க, ‘இதன் பொருள்’ எனத் தொடங்கி விளக்கம் தனியே வருகிறது. நம் உரையாசிரியர் முறையை ஒத்தது இது. மூலத்தில் கல்தேயர் என்றிருப்பதை உரைகாரர் தம் காலப் பகைவர்மேல் ஏற்றுகிறார். அப்பகைவர் உரோமர் என்பது ஆராய்ச்சியாளர் துணிபு. கி.பி. ஏழாம் நூற்றாண்டுக்குப் பின் வந்த மசோரா அறிஞர்களோ எழுத்துகளையே எண்ணிக் காத்தனர். பிழையெனத் தோன்றிய சொல்லையும் மாற்றாமல் எழுதி, ஓத வேண்டிய சொல்லை ஓரத்தில் குறித்தனர். கோப்புகளில் ‘உண்மை நகல்’ என முத்திரை பொறித்தே காலம் கழிக்கும் என் போன்ற எழுத்தர்க்கு இவர்கள்பால் தனி மதிப்பு உண்டு.

நம்மவர் திருவாய்மொழிப் பாசுரத்தில் கை வைக்கவில்லை. தம் உரிமை அனைத்தையும் உரையில் எடுத்துக்கொண்டனர். சுவடியில் மிகுதியாகக் கண்டதையெல்லாம் இடைச்செருகல் என ஒதுக்கும் வழக்கம் நம் புலவரிடையே உண்டு. அவ்வாறாயின் ஒன்பதினாயிரத்தை என் செய்வது? அதில் நஞ்சீயர் எங்கே முடிகிறார், நம்பிள்ளை எங்கே தொடங்குகிறார் என்று இன்று எவராலும் பிரித்துக் காட்ட இயலாது. ஆசிரியரே கண்டு ஏற்ற சேர்ப்பைக் குற்றம் என்பது யான் உடன்படாத கருத்து.

அதே நம்பிள்ளை, பிற்காலத்தில் தம் சொற்பொழிவை வடக்குத் திருவீதிப் பிள்ளை தம் இசைவின்றி எழுதிவைத்தது கண்டு அவ்வேட்டைத் தாமே வாங்கிக்கொண்டார் என்பதும் கருதத்தக்கது. ஆசிரியர் ஒருவர் மாணாக்கர் ஒருவர்க்கே உரைக்கும் முறையில் அவ்வீடு பல தலைமுறை சென்று, மணவாள மாமுனிகளால் (1370–1443) திருவரங்கத்தில் ஓராண்டுக் காலம் ஊரறிய விரிக்கப்பட்டது. இன்று திருமலையில் ஒலிக்கும் சுப்ரபாதத்தை இயற்றிய பிரதிவாதி பயங்கரம் அண்ணன் அம்மாமுனிகளின் மாணாக்கரே.

அம்மாமுனிகளுக்கும் அழிந்த சுவடியை நிரப்பும் பணி வாய்த்தது. பெரியவாச்சான் பிள்ளை பெரியாழ்வார் திருமொழிக்கு எழுதிய உரையில் பெரும்பகுதி அழிந்துபோயிற்று. அந்நூல் முழுமைக்கும் புத்துரை காண வல்லவர் மாமுனிகள்; ஆயினும் அழிந்த பாசுரங்களுக்கு மட்டுமே உரை வரைந்தார். பழைய ஏடு எந்தச் சொல்லில் மீண்டும் தொடங்கியதோ, அந்தச் சொல்லுக்கு முன்னரே தம் எழுத்தாணியை நிறுத்திக்கொண்டார் என்பர்.