மன்னாரின் இரு எல்லைகள்

எல்லை என்னும் சொல்லை அரசியலாரும் ஆளுகின்றனர், புவியியலாரும் ஆளுகின்றனர். இரண்டும் ஒன்றல்ல. மன்னாரின் வரலாற்றைக் கற்போர் இவ்வேறுபாட்டை முதலில் உணர்தல் வேண்டும்.

புவியின் மேலோடு ஒரே பாளமன்று. அது பல பெருந்தகடுகளாகப் பிளவுண்டு, ஆண்டுக்குச் சில சென்ரிமீற்றர் வீதம் நகர்கின்றது. தகடுகள் விலகும் எல்லையில் பாறைக்குழம்பு மேலெழுந்து புதிய கடற்றளமாகின்றது. நெருங்கும் எல்லையில் ஒன்று மற்றொன்றின் கீழ் அமிழ்கின்றது. அல்லது இரண்டும் மோதி இமயம் போன்ற மலைகளாக மடிகின்றன. உராய்ந்து செல்லும் எல்லையில் நிலம் நடுங்குகின்றது. கண்டங்கள் நகர்கின்றன என்று 1912 இல் வெகெனர் உரைத்தார். அவற்றை நகர்த்தும் விசை எதுவென அவரால் விளக்க இயலவில்லை. அறிஞர் பலர் ஏளனஞ் செய்தனர். 1960களில் கடற்றளம் தந்த சான்றுகளே அவர் கூற்றை நிலைநாட்டின.

மன்னாரில் தகட்டெல்லை எதுவும் இல்லை. இலங்கையும் இந்தியாவும் ஒரே தகட்டின் மேல் அமைந்தவை. ஆயின், எல்லையொன்று உருவாகத் தொடங்கி இடையில் நின்றுபோன தழும்பு இங்கே உண்டு. ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முன், கோண்ட்வானாப் பெருங்கண்டம் உடைந்த காலத்தில், இரு நிலங்களுக்கும் இடையே மேலோடு இழுபட்டு மெலிந்து தாழ்ந்தது. பிளவோ முற்றுப்பெறவில்லை. அப்பள்ளத்தில் பல கிலோமீற்றர் தடிப்பில் வண்டல் படிந்தது. அதுவே மன்னார்ப் படுகை. 2011 இல் இயற்கை வாயு கண்டறியப்பட்டது அங்கேதான். கடலில் மூழ்கிய இலெமூரியா என்ற 1864 ஆம் ஆண்டுக் கருதுகோளும் தகட்டு நகர்வு தெளிவான பின் தேவையற்றதாயிற்று. கண்டம் மூழ்கவில்லை, நகர்ந்தது.

ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், பனிக்காலத்தில், கடல்மட்டம் இன்றையதினும் 120 மீற்றர் அளவு தாழ்ந்திருந்தது. ஆழமற்ற பாக்கு நீரிணை அன்று தரையாகவே கிடந்தது. பனி உருகிய பின்னரே கடல் புகுந்தது.

மெய்யான தகட்டெல்லை சுமாத்திராவின் மேற்குக் கரையை அடுத்த கடலில் உள்ளது. 2004 டிசம்பர் 26 அன்று அது 1,300 கிலோமீற்றர் அளவுக்கு முறிந்தபோது, எழுந்த ஆழிப்பேரலை இலங்கையில் 30,000க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. தீவின் மறுபுறத்தே இருந்தமையால் மன்னார்க் கரை பெரும்பாலும் தப்பியது.

மன்னாரை வருத்தியது மற்றைய எல்லையே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோட்டத் தொழிலாளர் இக்கரையில் இறங்கி மலைநாட்டுக்கு நடந்தனர். பசியாலும் கொலராவாலும் வழியிலேயே மாண்டோர் பலர். 1948 இன் சட்டம் அவர்தம் வழித்தோன்றல்களை நாடற்றவராக்கியது. 1964 இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவுசெய்தது. அம்மக்களிடம் ஒரு வார்த்தை கேட்கப்படவில்லை. பின்னர் அவர்களுட் பெருந்தொகையினர் தலைமன்னார் இறங்குதுறையிலிருந்தே கப்பலேறினர்.

1974, 1976 ஆம் ஆண்டுகளில் இக்கடலின் மீதும் கோடு வரையப்பட்டது. இன்று இழுவைப் படகுகளால் மன்னார்ச் சிறு மீனவரின் வலைகள் அறுபடுகின்றன. அப்படகுகளில் கூலிக்கு வந்த தமிழக மீனவர் சிறை செல்கின்றனர். படகு முதலாளியோ கரையில் இருக்கின்றார்.

தகட்டெல்லையை மாற்ற எவராலும் இயலாது. கடற்கோட்டின் பெயரால் நிகழும் இத்துயரோ மனிதர் ஆக்கியது. இருகரை உழைப்பாளரும் ஒருங்கே அமர்ந்து பேசுவாராயின், அதற்குத் தீர்வும் காணலாம்.