உபதேசமும் உருக்கமும்

சேலத்தையும் நாமக்கல்லையும் பற்றிப் பேச்செடுத்தால் இரும்பாலை, மாம்பழம், ஜவ்வரிசி, முட்டை, லாரி என்று பட்டியல் நீளும். அப்பட்டியலில் சொற்பொழிவுக்கு இடம் கொடுத்தவர் எவரையும் நாம் கண்டதில்லை. ஆயினும் ஒரு பொருளைக் கேட்போர்முன் முறைப்படி விளக்கி, அதன்பின் அவர்களை இணங்கச் செய்யும் தமிழ் உரைக்கலையின் வரலாற்றில் இச்சமவெளிக்கு ஓர் இடம் உண்டு. மருத்துவமனைகளும் அடுக்குமாடி வீடுகளும் நெருங்கி நிற்கும் ஃபேர்லேண்ட்ஸ் வீதிகளில் வாழும் நம் மக்களுள், ஏறத்தாழ 400 ஆண்டுகளுக்கு முன் இவ்வூருக்கு வந்த ஒரு துறவியை நினைப்பவர் சிலரே.

அவர் இராபர்ட் தே நொபிலி. தமிழில் தத்துவ போதகர் என்று பெயர் பூண்டவர். 1577இல் உரோமையில் பிறந்து, இயேசு சபையில் சேர்ந்து, 1605இல் கோவாவையும் 1606இல் மதுரையையும் அடைந்தார். சந்நியாசி உடையும் மரக்கறி உணவும் ஏற்ற அவருடைய முறையை எதிர்த்து எழுந்த வழக்கு உரோமைவரை சென்றது. 1623 சனவரி 31இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியார் வெளியிட்ட ஆணை அவருக்குச் சார்பாக அமைந்தது. அதே ஆண்டில் அவர் மதுரையை விட்டு வடக்கு நோக்கிப் புறப்பட்டார். திருச்சிராப்பள்ளியைக் கடந்து, கொல்லிமலை அடிவாரத்துச் சேந்தமங்கலத்தை அடைந்தபோது, அங்கு ஆண்ட இராமச்சந்திர நாயக்கர் அவரை ஆதரித்தார். அங்கிருந்து சேலம் வந்தார். சேலத்தில் வரவேற்பு அவ்வளவு இனிதாக இல்லை. தங்குவதற்கு இடமே எளிதில் கிடைக்கவில்லை. ஆனால் சேலத்து ஆட்சியாளரின் குடும்பத்தைச் சேர்ந்த திருமங்கல நாயக்கர் அவருக்குச் செவிகொடுத்தார். கேட்டார், வினவினார், நாளடைவில் திருமுழுக்கும் பெற்றார்.

எப்படிப் பேசினார் அந்தத் துறவி? இதுவே நாம் இங்கு ஆராய விரும்புவது. பேச்சாளர் பிறவியிலேயே அமைகிறார் என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. நொபிலியின் வாழ்வு அதற்கு மாறான சான்று. அவர் பயின்ற இயேசு சபைக் கல்விநிலையங்களில் 1599ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்தின்படி சொல்லாட்சிக்கென்று தனி வகுப்பு இருந்தது. சிசரோவே அங்கு ஆசான். பொருளைத் தேடுதல், தேடியதை வரிசைப்படுத்துதல், அதற்கேற்ற சொல்லை அமைத்தல், மனத்தில் பதித்தல், குரலாலும் மெய்ப்பாட்டாலும் வெளிப்படுத்துதல் என ஐந்து படிகளாக உரையைப் பிரித்துப் பயிற்றுவித்தார்கள். இதில் முதல் இரண்டு படிகளும் வாய் திறப்பதற்கு முன்பே முடிந்துவிட வேண்டியவை என்பதைக் கவனிக்க வேண்டும். நம்மில் பலர் ஐந்தாவது படியிலேயே தொடங்குகிறோம்.

சிசரோவுக்குப் பின் வந்த புனித அகுஸ்தினார், கிறிஸ்தவப் போதனை பற்றிய தம் நூலின் நான்காம் பகுதியில் இக்கலையைத் திருச்சபைக்கு உரியதாக்கினார். தாம் இறப்பதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே அப்பகுதியை முடித்தார். வாழ்நாள் முழுவதும் மறையுரை ஆற்றியவரின் அனுபவம் அதில் இருக்கிறது. கற்பித்தல், மகிழ்வித்தல், உள்ளத்தை அசைத்தல் என்னும் மூன்றையும் சிசரோவிடமிருந்தே அவர் எடுத்துக்கொள்கிறார். ஆனால் மூன்றையும் ஒரே நிறையில் வைக்கவில்லை. கற்பித்தல் கட்டாயமானது. உண்மையை அறிந்த அளவிலேயே ஒருவர் செயலில் இறங்கிவிட்டால், அவரை மேலும் உருக்க வேண்டிய தேவை இல்லை. அறிந்தும் அசையாதவருக்கே உருக்கம் தேவைப்படுகிறது. தெரிவிக்கும் உரைக்கும் இணங்கவைக்கும் உரைக்கும் உள்ள உறவை இதைவிடத் தெளிவாகக் காட்டிய ஒருவரை நாம் அறியோம்.

தமிழுக்கு இது புதிய செய்தி அன்று. திருக்குறளில் சொல்வன்மைக்கு ஓர் அதிகாரம், அவையறிதலுக்கு ஓர் அதிகாரம், அவையஞ்சாமைக்கு ஓர் அதிகாரம் உண்டு. பவணந்தியாரின் நன்னூலோ, கற்பிக்க அமரும் ஆசிரியன் இடத்தையும் காலத்தையும் நோக்கி, சொல்ல வேண்டிய பொருளை முதலில் தன் உள்ளத்தில் அமைத்துக்கொண்டு, கேட்பவன் கொள்ளும் அளவறிந்து கொடுக்க வேண்டும் என்று விதிக்கிறது. உரோமையின் சொல்லாட்சி வகுப்பும் நம் நன்னூலும் ஒன்றையொன்று அறியாமலே ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. இங்கே வந்த நொபிலி தமிழையும் வடமொழியையும் தெலுங்கையும் மாணவனாக அமர்ந்து கற்றார். மதுரையில் அவருடைய முதல் உரையாடல்களுள் ஒன்று பள்ளி ஆசிரியர் ஒருவருடன் நிகழ்ந்தது. நாள்தோறும் பல மணி நேரமாக ஏறத்தாழ 20 நாள் நீடித்தது. அந்த ஆசிரியர் தடை எழுப்புவார், இவர் விடை சொல்வார். கேட்பவருடைய ஐயம் எங்கே பிறக்கிறது என்பதை அப்படித்தான் அவர் கற்றுக்கொண்டார்.

அந்தப் பயிற்சியின் விளைவை அவருடைய ஞானோபதேசத்தில் காணலாம். அவருடைய 26 பிரசங்கங்களை அருட்தந்தை ச. இராசமாணிக்கம் பதிப்பிக்க, 1963இல் தூத்துக்குடியிலிருந்து அவை நூலாக வெளிவந்தன. வடசொல் மலிந்த அந்நடை இன்று நமக்குச் சற்றுக் கடினமே. பத்துப் பக்கம் படிப்பதற்குள் இருமுறை அகராதியைத் தேட வேண்டியிருக்கிறது. ஆனால் அடுக்கு தெளிவானது. நம்பிக்கையின் மறைபொருள்களை அவர் முதலில் எடுத்து வைப்பதில்லை. அறிவினால் எட்டக்கூடியவற்றிலிருந்து தொடங்குகிறார்: உலகிற்கு ஒரு காரணர் உண்டா, அவர் எத்தகையவர், ஆன்மா என்பது என்ன என்னும் வினாக்கள் முன்னே வருகின்றன. கேட்பவர் ஒப்பிய ஒன்றின்மேல் நின்றுதான் அவர் அடுத்த படியைக் கட்டுகிறார். நம் பாட்டிமார் சின்னக் குறிப்பிடத்திலிருந்து கடவுளின் ஆறு இலட்சணங்களைத் தடையின்றி ஒப்பிப்பார்களே, அதுவும் இதே மரபில் வந்ததுதான். தாமாயிருப்பவர் என்பதில் தொடங்கி, அனைத்திற்கும் காரணர் என்பதில் முடிகிற அந்த வரிசை, நினைவில் நிற்பதற்கென்றே அமைந்தது. பொருளை ஒழுங்குபடுத்துதல் நினைவுக்குச் செய்யும் உதவியை அதைவிடச் சிறப்பாக மெய்ப்பிக்க வேறு சான்று வேண்டாம். எழுத்தறியாத பெண்கள் அதை முதுமைவரை சுமந்தார்கள்.

எதிர்வாதங்களுக்கு அவர் தனி நூலே வைத்திருந்தார். தூஷண திக்காரம் என்பது அதன் பெயர். கற்பிக்கும் உரையையும் மறுக்கும் உரையையும் ஒன்றோடொன்று குழப்பாமல் வைத்திருந்தது அவருடைய நுட்பம் என்று நமக்குத் தோன்றுகிறது. முதன்முறையாகக் கேட்க வந்தவனிடம், அவன் எழுப்பாத தடைகளுக்கெல்லாம் விடை சொல்லிக் கொண்டிருந்தால் அவன் களைத்துப் போவான்.

சொற்களைத் தேடுவதிலும் அவர் உழைத்தார். கடற்கரையில் அவருக்கு முன் உழைத்த பெருமகனார் அண்ட்ரிக் அடிகளார் 1578இல் தம்பிரான் வணக்கத்தை அச்சேற்றினார். அது தமிழுக்கே பெருமை. ஆனால் அக்காலத்து மறைமொழியில் தூய ஆவியும் அருளும்கூடப் போர்த்துகீசியச் சொற்களாகவே நின்றன. உள்நாட்டில் அச்சொற்களைக் கேட்டவர்கள் திகைத்தார்கள். நொபிலி வேதம், குரு, பூசை, கோயில், ஞானஸ்நானம், சர்வேசுரன் என்று கேட்போரின் செவிக்குப் பழகிய சொற்களை எடுத்தாண்டார். பிற்காலத்தில் நாம் அவற்றுள் சிலவற்றைத் தனித்தமிழாக மாற்றிக்கொண்டோம். அதுவும் கேட்போரின் செவி மாறியதால் வந்த மாற்றமே.

இங்கே ஒரு கசப்பான செய்தியையும் சொல்லாமல் கடக்க இயலாது. கேட்போரை அறிந்து பேசு என்பது சொல்லாட்சியின் முதல் விதி. நொபிலி தம் அவையை அறிந்தார். அந்த அவையின் சாதி ஒழுங்கையும் அப்படியே ஏற்றார். உயர்ந்தோர் எனப்பட்டவர்களுக்குச் சந்நியாசியாக இருந்தவர் மற்றவர்களுடன் வெளிப்படையாகப் பழக முடியாமற்போனது. அக்குறையை நிரப்புவதற்காக 1640இல் பல்தசார் தா கோஸ்தா அடிகளார் பண்டார சுவாமியாக உடை மாற்றிக்கொண்டு புறப்பட்டார். ஆகவே ஒரே நற்செய்தியை உரைக்க இருவகைக் குருக்கள் இருந்தார்கள். அதன் நிழல் நீண்டது. வடக்கன்குளத்தில் சாதிக்கொரு பகுதியாகக் கட்டப்பட்ட ஆலயத்தின் இடைச்சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது. கேட்போரின் மொழியை ஏற்பது வேறு, கேட்போரின் தீமையை ஏற்பது வேறு. இந்த எல்லையை அக்காலத்தவர் காணவில்லை என்று சொல்லி நாம் அமைதி அடைந்துவிட முடியாது. அவர்கள் காலத்திலேயே அந்த எல்லையால் வெளியே நிறுத்தப்பட்டவர்கள் அதைக் கண்டிருந்தார்கள்.

குருக்கள் சிலரே, ஊர்களோ பல. ஆகையால் உரையாற்றும் பணியின் பெரும்பகுதி உபதேசியார்மீது விழுந்தது. இவர்கள் பொதுநிலையினர் என்பதை நம் வாசகர்கள் நினைவிற் கொள்ள வேண்டும். வீரமாமுனிவர் 1727இல் எழுதிய வேதியர் ஒழுக்கம் இவர்களுக்கென்றே அமைந்த உரைநடை நூல். பிறருக்குப் போதிப்பவன் எப்படி வாழ வேண்டும், எப்படிப் போதிக்க வேண்டும் என்று அது பேசுகிறது. தேம்பாவணியைப் புகழ்ந்து மேடையில் முழங்கும் நாம் இந்த நூலை மறந்துவிட்டது வியப்பே. போதகருக்கான கையேடு ஒன்று பதினெட்டாம் நூற்றாண்டிலேயே நம் மொழியில், நம் திருச்சபையில் இருந்தது.

அடுத்து நாம் செல்ல வேண்டிய இடம் யாழ்ப்பாணம். பிரசங்கக் கலை அங்கே ஆலயத்தின் மேடையிலிருந்து இறங்கிச் சிவன் கோயிலுக்குள் நுழைந்தது. ஆறுமுக நாவலர் வெஸ்லியன் சபையின் பள்ளியில் பயின்றவர். அங்கேயே பணிபுரிந்து, பீட்டர் பெர்சிவல் போதகருக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் துணைநின்றவர். ஒரு பொருளை எடுத்து, பகுத்து, மேற்கோள் காட்டி, கேட்போரின் வாழ்வில் கொண்டுபோய் முடிக்கும் மறையுரையின் அமைப்பை அவர் அருகிருந்து கண்டார். 1847 டிசம்பர் 31, வெள்ளிக்கிழமை மாலை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். அது வெள்ளிதோறும் தொடர்ந்தது. மறைப்பணியாளரின் கருவியைக் கொண்டே மறைப்பணியாளரை எதிர்த்தார். இதில் நாம் வருந்துவதற்கு ஒன்றுமில்லை. கருவி நல்லது என்பதற்கு, அதை எடுத்துக்கொண்டவர் நம்மை எதிர்த்தவர் என்பதைவிடப் பெரிய சான்றிதழ் எது? புராணம் படித்துப் பயன் சொல்லும் பழைய முறைக்குப் பக்கத்தில், ஒரு பொருளைப் பற்றி ஒருவர் நின்று பேசும் முறை தமிழ்ப் பொதுவாழ்வில் இவ்வாறு காலூன்றியது.

அரசியல் மேடை அதைத் தனதாக்கிக் கொண்டபோது மீண்டும் நம் சமவெளி முன்னே வருகிறது. இராசிபுரத்தில் பிறந்த டாக்டர் பெ. வரதராசுலு நாயுடு தமிழ்ச் சொற்பொழிவால் பெயர் பெற்றவர். 1918இல் மதுரையில் தொழிலாளர்முன் ஆற்றிய உரைக்காக அவர்மீது வழக்குத் தொடுக்கப்பட்டது. அவருக்காக வாதாடியவர் அந்நாளில் சேலத்து வழக்கறிஞராயிருந்த இராசாசி. 1943 மார்ச்சில் சேலத்தில் வேறொரு நிகழ்ச்சி. கம்பராமாயணத்தைப் பற்றி அறிஞர் அண்ணாவும் நாவலர் சோமசுந்தர பாரதியாரும் ஒரே மேடையில் எதிரெதிராக வாதிட்டார்கள். கருத்தில் யார் பக்கம் நிற்பது என்பது அவரவர் விருப்பம். நாம் வியப்பது, இரு தரப்பும் நூலைக் கையில் வைத்துக்கொண்டு, பாடல்களைச் சுட்டி வாதிட்டதைத்தான். நொபிலி வந்துபோன ஊரில், 320 ஆண்டுகளுக்குப்பின், தடையும் விடையுமாக ஓர் அவை! அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 27இல் இதே சேலத்தில் நீதிக்கட்சி திராவிடர் கழகமாயிற்று. ஆங்கிலத்தில் பழகிய பட்டம் பெற்ற பெருமக்களின் கட்சி தமிழ் மேடைக்கு இறங்கி வந்தது.

அம்மேடையின் அடுக்குமொழி நம் ஆலயங்களுக்குள்ளும் புகுந்தது. ஓசை ஒத்த சொற்களை வரிசையாக அடுக்கி, கடைசிச் சொல்லில் கைதட்டலை எதிர்பார்த்து நிற்கும் மறையுரைகளை நாம் கேட்டிருக்கிறோம். அண்ணாவிடமிருந்து ஓசையை எடுத்துக்கொண்டவர்கள், அவர் மேடையேறுமுன் படித்த நூல்களை எடுத்துக்கொள்ளவில்லை. இன்னொரு பக்கம், சில தியான மேடைகளில் குரல் உயர்கிறது, இசை பெருகுகிறது, கண்ணீர் வழிகிறது. வீட்டுக்குத் திரும்பியவரிடம் அன்று வாசிக்கப்பட்ட இறைவாக்கு எது என்று கேட்டால் விடை இல்லை. கற்பிக்காமல் உருக்குவது எளிது. உருகியது எந்த அச்சிலும் வார்க்கப்படாமல் மறுநாளே பழைய வடிவில் உறைந்துவிடுகிறது.

ஞாயிறுதோறும் பங்குக் குரு மறையுரை ஆற்ற வேண்டும் என்று திரிதெந்துப் பொதுச்சங்கம் 1546இல் விதித்தது. மறையுரை வழிபாட்டின் ஒரு பகுதியே என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் கூறியது. திருத்தந்தை பிரான்சிஸ் 2013இல் வெளியிட்ட நற்செய்தியின் மகிழ்ச்சி என்னும் மடலில், மறையுரைக்கும் அதன் தயாரிப்புக்கும் நீண்டதோர் பகுதியை ஒதுக்கினார். பணி எவ்வளவு மிகுந்தாலும் வாரத்தில் அதற்கென நேரம் குறிக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். 2024 சூனில் மறையுரை எட்டு நிமிடத்தைக் கடக்கலாகாது, மக்கள் தூங்கிவிடுகிறார்கள் என்று அவர் சொன்னபோது நம் பங்கு மக்களின் முகத்தில் தோன்றிய நிறைவை நாம் கவனிக்கத் தவறவில்லை. எட்டு நிமிட உரைக்கு அரை மணி நேர உரையைவிட மிகுதியான தயாரிப்பு வேண்டும். எதைச் சொல்வது என்பதைவிட எதை விட்டுவிடுவது என்பதை முடிவுசெய்யவே வியாழனும் வெள்ளியும் கழிகின்றன.

குருக்களுக்கு மட்டும் உரியதன்று இது. இன்று அன்பியக் கூட்டத்தில் இறைவார்த்தையை விளக்குபவர், பங்குப் பேரவையில் கணக்கை எடுத்துரைப்பவர், இறந்தவர் வீட்டில் ஆறுதல் கூறுபவர், மாவட்ட ஆட்சியரிடம் கல்லறை நிலத்துக்காக மனுவோடு நின்று பேசுபவர் ஆகிய எல்லாரும் அந்தப் பழைய உபதேசியாரின் வழித்தோன்றல்கள். கணக்கை எடுத்துரைப்பவருக்கு உருக்கம் வேண்டாம். எண்கள் வரிசையாக நின்றாற் போதும். மனுவோடு நிற்பவருக்கு ஆட்சியர் எதை ஏற்கெனவே ஒப்புகிறார் என்று தெரிந்திருக்க வேண்டும். இறந்தவர் வீட்டிலோ எல்லாருக்கும் எல்லாம் தெரியும். அங்கே கற்பிக்கத் தொடங்குவது கொடுமை.

நொபிலியின் கடைசி ஆண்டுகள் மயிலாப்பூரில் கழிந்தன. கண்பார்வை பெரிதும் மங்கிவிட்டது. ஓலையைத் தாமே படிக்க இயலாத நிலையிலும், தாம் இயற்றிய உரைகளைச் சொல்லச் சொல்லப் பிறர் எழுதினார்கள். பொருள் அவர் உள்ளத்தில் வரிசை குலையாமல் இருந்தது. 1656 சனவரி 16இல் அங்கேயே இறைவனடி சேர்ந்தார்.