அமெரிக்க வீட்டுக் குழந்தைக் காப்பகங்களும் சொந்தச் சொத்துப் பாதுகாப்பும்

ஐக்கிய அமெரிக்காவில் ஒருவர் தாம் குடியிருக்கும் வீட்டிலேயே கட்டணம் பெற்றுப் பிறர் குழந்தைகளைக் கவனித்துக்கொள்வது வீட்டுக் குழந்தைக் காப்பகம் எனப்படும். இதைத் தனியாள் தொழிலாக நடத்துபவரின் சொந்தப் பணமும் தொழிலின் பணமும் சட்டத்தின் பார்வையில் ஒன்றே. காப்பகத்தில் ஒரு குழந்தை காயமுற்று, வழக்கில் இழப்பீடு விதிக்கப்பட்டால், அது நடத்துபவரின் சேமிப்பையும் வீட்டையும் தொடக்கூடும். இதற்கு எதிராக இன்று பயன்படும் மூன்று அரண்களில் முதல் இரண்டும் குழந்தைக் காப்பகங்களை எண்ணி உருவாக்கப்பட்டவை அல்ல.

வீட்டுக்கான விலக்கு

1837 இல் அமெரிக்காவில் பெரும் நிதி நெருக்கடி ஏற்பட்டது. கடனில் மூழ்கிய குடும்பங்கள் வீடிழப்பதைத் தடுக்க, அப்போது தனிக் குடியரசாக இருந்த டெக்சாசு 1839 இல் ஒரு சட்டம் இயற்றியது. 50 ஏக்கர் நிலத்தையோ, குடியிருக்கும் ஒரு நகர மனையையோ கடன் கொடுத்தவர் ஜப்தி செய்ய முடியாது என்றது அச்சட்டம். பின்னர் பல மாநிலங்கள் இவ்வழியைப் பின்பற்றின. விலக்கின் அளவு மாநிலத்துக்கு மாநிலம் பெரிதும் வேறுபடுகிறது. வீட்டையே ஈடாகப் பெற்றுக் கடன் கொடுத்த வங்கியை இவ்விலக்கு தடுக்காது.

வரையறுத்த பொறுப்பு நிறுவனம்

எல்.எல்.சி எனப்படும் வரையறுத்த பொறுப்பு நிறுவனத்துக்கான சட்டத்தை முதலில் இயற்றிய மாநிலம் வயோமிங் (1977). ஓர் எண்ணெய் நிறுவனத்தின் முயற்சியால் அது வந்தது. 1988 இல் நடுவண் வரித்துறை அளித்த சாதகமான விளக்கத்துக்குப் பின் ஏனைய மாநிலங்களிலும் பரவியது. 1997 இல் நடைமுறைக்கு வந்த எளிய வரிவிதிகள் ஒற்றை உரிமையாளருக்கும் இதை ஏற்றதாக்கின.

நிறுவனத்தின் கடனுக்கு உரிமையாளரின் சொந்தச் சொத்து பொதுவாகப் பொறுப்பாகாது. எனினும் வீட்டுச் செலவும் காப்பகச் செலவும் ஒரே வங்கிக் கணக்கில் கலந்தால் நீதிமன்றம் இந்தத் தடுப்பை நீக்கக்கூடும். மேலும், ஒருவர் தாமே செய்த கவனக்குறைவுக்கு அவரே பொறுப்பாவார். வீட்டுக் காப்பகத்தில் குழந்தையைக் கவனிப்பவர் பெரும்பாலும் உரிமையாளரே என்பதால், பெரிய நிறுவனங்களின் பங்குதாரருக்குக் கிடைக்கும் அளவு பாதுகாப்பு இவருக்குக் கிடைப்பதில்லை.

காப்பீடு

இக்குறையை ஈடுசெய்வது பொறுப்புக் காப்பீடு. வழக்கமான வீட்டுக் காப்பீடு, வீட்டில் நடக்கும் தொழிலால் வரும் இழப்பீட்டை விலக்கிவிடும் அல்லது குறைவாகவே ஏற்கும். 1980களின் நடுப்பகுதியில் ஏற்பட்ட காப்பீட்டு நெருக்கடியில் பல காப்பகங்களின் காப்பீடு நீக்கப்பட்டது. கட்டணமும் கடுமையாக உயர்ந்தது.

கலிபோர்னியாவில் ஒரு நிகழ்வுக்கு 1,00,000 டாலர், ஆண்டுக்கு மொத்தம் 3,00,000 டாலர் அளவிலான காப்பீடு அல்லது அதற்கான பிணைப்பத்திரம் வேண்டும். இரண்டும் இல்லையெனில், காப்பீடு இல்லாததைத் தாம் அறிந்ததாகப் பெற்றோர் ஒவ்வொருவரும் கையொப்பமிட்ட உறுதிமொழி இருக்கவேண்டும். இந்த உறுதிமொழி இழப்பீட்டுப் பணத்துக்கு வழிசெய்வதில்லை.

விலக்கு வீட்டைக் காக்கிறது. நிறுவனம் தொழிற்கடனைப் பிரிக்கிறது. காப்பீடு இழப்பீட்டைக் கொடுக்கிறது. ஒன்று மற்றொன்றுக்கு மாற்று ஆகாது.