மெத்தடோன் எடுக்கும் தாயும் கைக்குழந்தையும்: முதல் சில நாள்கள்

பிறந்து இரண்டு நாளே ஆன குழந்தை கீச்சுக் குரலில் ஓயாமல் அழுகிறது. கை கால் நடுங்குகிறது. அடிக்கடி தும்முகிறது. பால் கொடுத்தால் வேகமாகச் சப்பிவிட்டு உடனே விட்டுவிடுகிறது. அம்மா குனிந்து பேசினாலோ முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. ஹெராயின் பழக்கத்திலிருந்து மீள மெத்தடோன் எடுத்துவரும் தாய்க்கு, கடைசியாகச் சொன்னதுதான் அதிகம் வலிக்கும். ‘என் பிள்ளைக்கே என்னைப் பிடிக்கவில்லை’ என்று அவர் ஒதுங்கத் தொடங்குவது இங்கிருந்துதான்.

குழந்தை தாயை வெறுக்கவில்லை. கருவில் தொப்புள்கொடி வழியாக வந்த மருந்து பிறந்ததும் நின்றுவிடுவதால் இந்த அறிகுறிகள் தோன்றுகின்றன. பெரும்பாலும் முதல் மூன்று நாள்களில் இவை தெரியவரும். அந்த நேரத்தில் வெளிச்சம், குரல், முகம், தொடுதல் எல்லாவற்றையும் ஒன்றாகத் தாங்க அந்தப் பிஞ்சு நரம்புகளால் முடியாது. முகம் திருப்புவதும் கொட்டாவியும் விக்கலும் ‘கொஞ்சம் பொறு’ என்பதற்கான சைகை. விளக்கைக் குறைத்து, பேச்சை நிறுத்தி, துணியில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டால் பல குழந்தைகள் அடங்கும். ‘போதைக் குழந்தை’ என்று சிலர் சொல்வது தவறு. பழக்கத்துக்கு அடிமையாவதற்கு அந்தப் பிள்ளை எதையும் தேடிப் போகவில்லையே.

மலேசியாவில் மெத்தடோன் சிகிச்சை 2005இல் தொடங்கியது. ‘வயிற்றில் பிள்ளை இருக்கும்போது இந்த மருந்து எதற்கு?’ என்று வீட்டார் கேட்பது இயல்புதான். ஆனால், திடீரென நிறுத்தினால் தாய் மீண்டும் ஹெராயினுக்குத் திரும்பும் ஆபத்து அதிகம். கர்ப்பிணிகள் சிகிச்சையைத் தொடர்வதே நல்லது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2014இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் மருத்துவர் மருந்தின் அளவைக் கூட்டவும் நேரலாம். அதைப் பழையபடி கெட்டுப்போவதாக எண்ண வேண்டாம்.

முன்பெல்லாம் இத்தகைய குழந்தைகளைத் தனி வார்டுக்குக் கொண்டுபோய், அறிகுறிகளுக்குப் புள்ளி போட்டு மார்பின் கொடுப்பது வழக்கம். அமெரிக்காவின் யேல் மருத்துவர்கள் மூன்றே கேள்விகள் கேட்டனர்: பால் குடிக்கிறதா? ஒரு மணி நேரமாவது தூங்குகிறதா? பத்து நிமிடத்துக்குள் தேற்ற முடிகிறதா? முடியாவிட்டால் முதலில் அணைப்பும் அமைதியும், தேவைப்பட்டால் பிறகு மருந்து. அமெரிக்காவில் 26 மருத்துவமனைகளில் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், பழைய முறையில் 52 விழுக்காட்டுக் குழந்தைகளுக்கு மருந்து தேவைப்பட்டது. புதிய முறையில் 19.5 விழுக்காடுதான். வீடு திரும்பத் தயாராகும் காலமும் சுமார் 15 நாளிலிருந்து 8 நாளாகக் குறைந்தது. இந்த முறையில் தாயின் மடிக்கும் பெரிய பங்கு உண்டு.

தாய்ப்பால்? சிகிச்சையில் நிலையாக இருந்து, வேறு போதைப்பொருள் எடுக்காத, எச்ஐவி தொற்று இல்லாத தாய் பொதுவாகக் கொடுக்கலாம். பாலில் சேரும் மெத்தடோன் மிகக் குறைவு. நிறுத்துவதாக இருந்தால் படிப்படியாக, மருத்துவரிடம் கேட்டு நிறுத்த வேண்டும்.

பிரசவத்துக்கு முன்பே தாதியரிடம் சிகிச்சையைப் பற்றிச் சொல்லிவிடுங்கள். மறைத்தால் குழந்தை ஏன் அழுகிறது என்று கண்டுபிடிக்கவே நேரம் போய்விடும். குழந்தை பார்க்க வரும் உறவினர் கூட்டத்தை முதல் வாரங்களில் பாட்டிமார்தான் தடுக்க வேண்டும், அம்மாவால் சொல்ல முடியாது. வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் மெத்தடோனைப் பூட்டி வையுங்கள். மூத்த பிள்ளை ஒரு வாய் குடித்தாலும் உயிருக்கு ஆபத்து.